ஸ்ட்ராங் பாஸ்வேர்டு வச்சிருக்கேன்னு நிம்மதியா இருக்கீங்களா?

இ-ஆதார் பிடிஎஃப் டவுன்லோட் பண்ணிருப்பீங்க இல்ல, அத திறக்க என்ன பாஸ்வேர்டு? பேரோட முதல் நாலு எழுத்து கேபிட்டல்ல, கூடவே பொறந்த வருஷம். பல பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும், பேரு கொஞ்சம் தேதி கொஞ்சம். சும்மா எட்டிப் பாக்கறவங்கள தடுக்கறதுக்கு அது போதும், அதுக்கு மேல அதுக்கு வேலையும் இல்ல. ஆனா வருஷக்கணக்கா இதையே பாத்துப் பாத்து நம்ம ஆளுங்களுக்கு பாஸ்வேர்டுன்னாலே பேரு பிளஸ் வருஷம்னு பழகிப்போச்சு. வேளச்சேரில எந்த அபார்ட்மென்ட்டுக்குப் போய் வைஃபை பாஸ்வேர்டு கேட்டாலும் பையன் பேரு, ஒரு @, அப்புறம் 123. சரி வைஃபையோட போச்சுன்னா பரவால்ல, அதே பாஸ்வேர்டுதான் ஜிமெயிலுக்கும், ட்ரெயின் டிக்கெட் போடறதுக்கும், ஷாப்பிங் ஆப்புக்கும், கரண்ட் பில் கட்டற அக்கவுன்ட்டுக்கும்.

இதுல ரெண்டு பிரச்சனை இருக்கு. ஒண்ணு ஈசியா கண்டுபிடிச்சிடலாம், இன்னொண்ணு எல்லா இடத்துலயும் ஒண்ணே. எல்லாரும் முதல் பிரச்சனைய பத்தித்தான் பேசுவாங்க, எப்படி ஸ்ட்ராங்கா வைக்கறதுன்னு. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் பெரிய ஆபத்து. பொறந்த தேதிய 20 எழுத்து பாஸ்வேர்டா மாத்திட்டு அத எல்லா இடத்துலயும் போட்டா பெருசா ஒண்ணும் மாறல. ஏன்னு சொல்றேன்.

ஹேக்கர்னா யாரோ ஒருத்தன் உக்காந்து உங்க ஜிமெயில் பேஜ்ல ஒவ்வொரு பாஸ்வேர்டா அடிச்சுப் பாப்பான்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அப்படி பண்ணா கொஞ்ச தடவ தப்பானதுமே கூகுள் நிறுத்திடும். நெஜத்துல நடக்கறது வேற. எங்கயோ நீங்க மறந்தே போன ஒரு சைட், கேக் ஆர்டர் பண்ணதோ மொபைல் கவர் வாங்கினதோ, அதோட டேட்டாபேஸ் மொத்தமா லீக் ஆகும். அதுல உங்க மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் இருக்கும். அந்த ஜோடிய எடுத்து ஒரு புரோகிராம் கிட்ட குடுத்துட்டா அது ஜிமெயில், ஃபேஸ்புக், அமேசான்னு வரிசையா போய் அதே ஜோடிய போட்டுப் பாக்கும். க்ரெடென்ஷியல் ஸ்டஃபிங்னு பேரு. இங்க யாரும் எதையும் யூகிக்கறது இல்ல, உங்க பாஸ்வேர்டு எவ்ளோ கஷ்டமானதுங்கறது மேட்டரே இல்ல, அது ஏற்கனவே அவன் கையில இருக்கு.

இது கற்பனை இல்ல. 2009-ல ராக்யூன்னு ஒரு அமெரிக்க கம்பெனில இருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டு வெளிய வந்துச்சு. அத எந்த மறைப்பும் இல்லாம அப்படியே டெக்ஸ்ட்டா சேவ் பண்ணி வச்சிருந்தாங்க. அதுல முதல் இடம் எதுக்குன்னு நினைக்கறீங்க, 123456. அந்த லிஸ்ட்ட இன்னிக்கு வரைக்கும் பாஸ்வேர்டு உடைக்கறவங்க டிக்ஷனரி மாதிரி யூஸ் பண்றாங்க. 2012-ல லிங்க்ட்இன் லீக் ஆச்சு, முதல்ல 65 லட்சம் பாஸ்வேர்டுன்னு பேச்சு, 2016-ல பாத்தா 11 கோடிக்கும் மேல விலைக்கு வந்திருந்துது. நடுவுல நாலு வருஷம், அவ்ளோ நாள் அந்த பாஸ்வேர்ட வேற இடத்துலயும் வச்சிருந்தவங்க கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

சைட்காரங்க நம்ம பாஸ்வேர்ட எப்படி வச்சிருக்கணும்? ஒழுங்கான கம்பெனி அத அப்படியே வைக்காது, ஹாஷ் பண்ணித்தான் வைக்கும். ஹாஷ்னா இட்லிக்கு மாவு அரைக்கற மாதிரி, அரிசி உளுந்த போட்டா மாவு வரும், மாவ வச்சு திரும்ப அரிசி எடுக்க முடியாது. நீங்க லாகின் பண்றப்போ நீங்க அடிச்சத மறுபடி அரைச்சுப் பாத்து ரெண்டு மாவும் ஒண்ணா இருந்தா உள்ள விடும். அப்போ லீக் ஆனாலும் சேஃப் தானேன்னு கேக்கலாம். திருடினவன் என்ன பண்றான்னா, அவன் மெஷின்ல கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள அவனே அரைச்சு, எது லீக் ஆன மாவோட ஒத்துப்போகுதுன்னு பாக்கறான். இங்க இத்தன தடவதான் ட்ரை பண்ணலாம்னு சொல்ல யாரும் இல்ல, அவன் வீடு அவன் மெஷின்.

எவ்ளோ வேகம்? பழைய சைட்ல எம்டி5 மாதிரி ஃபாஸ்ட்டான ஹாஷ் போட்டிருந்தா, கேம் விளையாடறதுக்கு வாங்கற இன்னிக்கு டாப் கிராபிக்ஸ் கார்டு ஒண்ணே செகண்டுக்கு 10,000 கோடி தடவைக்கு மேல ட்ரை பண்ணும். இப்ப கணக்கு போடுங்க. சின்ன எழுத்து மட்டும் 8 இருக்கற பாஸ்வேர்டு மொத்தமே 20,882 கோடி விதம்தான், ரெண்டு செகண்ட், முடிஞ்சுது. சரி கேபிட்டல், நம்பர், சிம்பல் எல்லாம் கலந்து 8 எழுத்து? ஒரு நாள் கூட ஆகாது, 18 மணி நேரம். அதே சமயம் எந்த சிம்பலும் இல்லாம, வெறும் சின்ன எழுத்து 16, கண்டபடி தாறுமாறா இருந்தா, பதிமூணாயிரம் வருஷத்துக்கு மேல. அதாவது சிம்பல சொருகறதுல வர்ற லாபத்த விட நீளமாக்கறதுல வர்ற லாபம் ரொம்ப ரொம்ப அதிகம். பிக்ரிப்ட், ஆர்கான்2 மாதிரி வேணும்னே மெதுவா அரைக்கற ஹாஷும் இருக்கு, நல்ல கம்பெனிங்க அதைத்தான் போடுவாங்க, ஆனா எந்த சைட் எத போட்டிருக்குன்னு நமக்குத் தெரியாதே, அதனால மோசமானத நினைச்சே வைக்கறதுதான் புத்திசாலித்தனம்.

பொறந்த தேதிக்கு இந்த கணக்கே தேவையில்ல. 60 வருஷம் எடுத்தா மொத்தம் 22,000 தேதி கூட வராது. மொபைல் நம்பர பாஸ்வேர்டா வைக்கறவங்க இருக்காங்க, அது கறிகாய்காரர் கிட்ட கூட இருக்கு.

அப்போ ஏன் எல்லா சைட்டும் ஒரு கேபிட்டல், ஒரு நம்பர், ஒரு சிம்பல்னு உயிர எடுக்குது? 2003-ல அமெரிக்க அரசோட நிஸ்ட்ங்கற அமைப்புல பில் பர்னு ஒருத்தர் ஒரு கைடு எழுதினாரு, அதுல வந்த ரூல்தான் உலகம் பூரா பரவுச்சு, அடிக்கடி மாத்தணும்ங்கறதும் அதுல இருந்து வந்ததுதான். 2017-ல நிஸ்ட்டே அத மாத்தி எழுதிடுச்சு, சிம்பல் கட்டாயம் வேணாம், சும்மா சும்மா மாத்தச் சொல்லாதீங்க, லீக் ஆனதுக்கு அறிகுறி இருந்தா மட்டும் மாத்துங்க, நீளமா வைக்க விடுங்கன்னு. பில் பரும் அந்த வருஷமே தான் எழுதினதுல நிறையத்துக்கு இப்ப வருத்தப்படறேன்னு பேட்டி குடுத்தாரு. ஆனா நம்ம ஓஎம்ஆர் ஆபீஸ்கள்ல இன்னும் பல இடத்துல 90 நாளைக்கு ஒருக்கா மாத்து மாத்துன்னு மெயில் வந்துட்டேதான் இருக்கு. ஜனங்க என்ன பண்றாங்க, சென்னை@ஜனவரி, அப்புறம் சென்னை@ஏப்ரல், அப்புறம் சென்னை@ஜூலை. ஒண்ணு லீக் ஆனா அடுத்தது என்னன்னு எல்கேஜி பையன் சொல்லிடுவான்.

சரி, நீளமாவும் இருக்கணும் ஞாபகமும் இருக்கணும், அதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத அஞ்சாறு வார்த்தைய வரிசையா வைக்கறது. 1995-ல ஆர்னால்டு ரைன்ஹோல்டுன்னு ஒருத்தர் இத டைஸ்வேர்னு பேரு வச்சு கொண்டு வந்தாரு. 7,776 வார்த்தை இருக்கற ஒரு லிஸ்ட், பகடைய அஞ்சு தடவ உருட்டினா ஒரு வார்த்தை. தாயக்கட்டை ஆகாது, அதுக்கு நாலு பக்கம்தான், லூடோ டப்பால இருக்குமே ஆறு பக்க பகடை, அது வேணும். இப்படி ஆறு வார்த்தை எடுத்தா நான் மேல சொன்ன அதே கார்டுக்கு கிட்டத்தட்ட எழுபதாயிரம் வருஷம் ஆகும். பகடை எதுக்குன்னா மனுஷன் மனசுக்கு தாறுமாறா யோசிக்க வராது, நாலு வார்த்தை சொல்லுன்னா ஊரு பேரு, சாமி பேரு, ஹீரோ பேரு, பொண்டாட்டி பேருன்னு வந்து நிக்கும்.

அவ்ளோ மெனக்கெட முடியாதுன்னா தமிழ் வார்த்தையவே இங்கிலீஷ் எழுத்துல உங்க ஸ்பெல்லிங்ல அடிங்க, கொடுக்காப்புளி ஸ்கூட்டர் அப்பளம் தவில் மழைக்கோட்டு மூக்குப்பொடி, இந்த மாதிரி. இத அப்படியே எடுத்துக்காதீங்க, இங்க எழுதியாச்சு இல்ல. பகடை போட்ட அளவுக்கு கணக்கா இருக்காது, ஆனா பேரு@123-ஐ விட எங்கயோ மேல. பாட்டு வரி, பழமொழி, வசனம் மட்டும் வேணாம், அதெல்லாம் உடைக்கறவங்க லிஸ்ட்ல எப்பவோ ஏறியிருக்கும். தமிழ் எழுத்துலயே பாஸ்வேர்டு வைக்கலாமான்னு கேட்டா, சில சைட் ஏத்துக்காது, வேற ஆள் கம்ப்யூட்டர்ல தமிழ் கீபோர்டே இல்லன்னா நீங்களே உள்ள போக முடியாம மாட்டிப்பீங்க, ஆசை இருந்தாலும் விட்டுடுங்க.

இந்த மாதிரி வார்த்தை பாஸ்வேர்டு உங்களுக்கு ரெண்டு மூணு இடத்துலதான் வேணும். உங்க மெயின் மெயில், லேப்டாப், அப்புறம் பாஸ்வேர்டு மேனேஜர். மத்த எல்லா அக்கவுன்ட்டுக்கும் பாஸ்வேர்டு என்னன்னு உங்களுக்கே தெரியக்கூடாது, அதுதான் இங்க விஷயமே.

பாஸ்வேர்டு மேனேஜர்னா ஒரு ஆப், ஒவ்வொரு சைட்டுக்கும் தனித்தனியா 20 எழுத்துல கண்டபடி ஒரு பாஸ்வேர்ட அதுவே உருவாக்கி, அதுவே ஞாபகம் வச்சு, லாகின் பேஜ் வந்தா அதுவே போட்டுக்கும். ஆண்ட்ராய்டு போன்ல, குரோம்ல கூகுளோடது ஏற்கனவே இருக்கு, ஐபோன்ல பாஸ்வேர்ட்ஸ்னு தனி ஆப்பே குடுத்துட்டாங்க, போன் ஒரு கம்பெனி லேப்டாப் ஒரு கம்பெனின்னு கலந்து வச்சிருக்கறவங்களுக்கு பிட்வார்டன் ஃப்ரீயாவே நல்லா இருக்கும், இன்டர்நெட்லயே வைக்க மாட்டேன்னு சொல்றவங்க கீபாஸ் எக்ஸ்சி போட்டு ஃபைல தன் கிட்டயே வச்சுக்கலாம், பேக்கப் எடுக்கற பொறுப்பும் அவங்களோடதுதான். எது நல்லதுன்னு ரெண்டு வாரம் ரிவ்யூ பாத்துட்டு எதுவும் போடாம இருக்கறத விட போன்லயே இருக்கறத இன்னிக்கு ஆன் பண்றது மேல்.

எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சா அதுவும் போச்சுன்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. 2022-ல லாஸ்ட்பாஸ்ங்கற மேனேஜர் கம்பெனில நெஜமாவே திருட்டு நடந்து, ஜனங்களோட பாஸ்வேர்டு பெட்டகத்தோட காப்பியையே எடுத்துட்டுப் போயிட்டாங்க. உள்ள இருந்த பாஸ்வேர்டெல்லாம் என்க்ரிப்ட் ஆகித்தான் இருந்துச்சு, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாத மாதிரி, சைட் அட்ரஸ் மாதிரி சிலது மட்டும் அப்படி ஆகல. அப்போ யாருக்கு ஆபத்துன்னா மாஸ்டர் பாஸ்வேர்டு, அதாவது மேனேஜரையே திறக்கற பாஸ்வேர்டு, அத சப்பையா வச்சவங்களுக்குத்தான். அதனாலதான் அந்த ஒண்ணுக்கு மட்டும் கொடுக்காப்புளி லெவல்ல மெனக்கெடச் சொல்றேன். எங்கயும் திரும்ப யூஸ் பண்ணாதது, யார் கிட்டயும் சொல்லாதது.

இன்னொரு லாபம் இருக்கு, இத யாரும் சொல்றதில்ல. இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டு கரண்ட் கட் ஆகப்போகுது, உடனே இந்த லிங்க்ல பில் கட்டுங்கன்னு மெசேஜ் வருமே, அந்த லிங்க்க தொட்டா ஒரிஜினல் மாதிரியே ஒரு பேஜ் வரும், நம்ம கண்ணு ஏமாறும். மேனேஜர் ஏமாறாது, அது பாக்கறது பேஜோட அழக இல்ல, அட்ரஸ. அட்ரஸ் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பாஸ்வேர்ட தானா போடாது. வழக்கமா தானா நிரப்பறது ஒரு நாள் நிரப்பலன்னா அங்கயே நில்லுங்க, காப்பி பேஸ்ட் பண்ணி உள்ள போக ட்ரை பண்ணாதீங்க.

இப்ப மெயிலுக்கு வருவோம், நான் ரொம்ப பேச நினைச்சது இதத்தான். எந்த அக்கவுன்ட்ல ஃபர்காட் பாஸ்வேர்டு அழுத்தினாலும் லிங்க் எங்க வரும், மெயிலுக்கு. அப்போ மெயில் ஒருத்தன் கைக்குப் போனா மத்த பாஸ்வேர்டு எவ்ளோ ஸ்ட்ராங்கா இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஒவ்வொண்ணா ரீசெட் பண்ணிக்கிட்டே போவான். அந்த மெயிலோட நிலைமை நம்ம ஊர்ல எப்படி இருக்கு தெரியுமா? டிஎன்பிஎஸ்சி ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஜினியரிங் கவுன்சிலிங், பாஸ்போர்ட்டுன்னு பிரவுசிங் சென்டருக்குப் போவோம், மெயில் ஐடி இல்லையா இருங்க நானே போட்டுத் தரேன்னு கடைக்காரரே உருவாக்கி, பாஸ்வேர்ட ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக் குடுப்பாரு. அவசரத்துல ரெக்கவரி நம்பர் கடை நம்பரா இருக்கும், பாஸ்வேர்டு வர்ற எல்லா கஸ்டமருக்கும் ஒண்ணாவே இருக்கும். அவர் கெட்டவர்னு சொல்லல, சீக்கிரம் வேலை முடியணும்னு பண்றது. ஆனா அந்த மெயில்தான் அடுத்த பத்து வருஷம் உங்க பேங்க், பிஎஃப், எல்லாத்துக்கும் போய் நிக்குது.

அதனால இத படிச்சு முடிச்சதும் கூகுள் அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள போய் மூணு விஷயம் பாருங்க. ரெக்கவரி போன் நம்பர் உங்களோடதா, இப்பவும் ஓடற நம்பரா? ரீசார்ஜ் பண்ணாம விட்ட பழைய நம்பர் கொஞ்ச நாள்ல வேற யாருக்கோ போயிடும், அப்புறம் உங்க ஓடிபி அவங்களுக்குத்தான் போகும். ரெக்கவரி மெயில் யாரோடது? அப்புறம் எந்தெந்த டிவைஸ்ல லாகின் ஆகியிருக்குன்னு லிஸ்ட் வரும், அதுல ரிச்சி ஸ்ட்ரீட்ல எக்ஸ்சேஞ்ச்ல குடுத்த பழைய போனு, முன்னாடி வேலை பாத்த ஆபீஸ் கம்ப்யூட்டரு எல்லாம் பல் இளிச்சுட்டு நிக்கும், எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணுங்க.

செக்யூரிட்டி கேள்வின்னு சில சைட் இன்னும் கேக்குது, சொந்த ஊர் என்ன, தாத்தா பேரு என்னன்னு. நம்ம வீட்டு கல்யாண பத்திரிகைய ஒரு தடவ பாருங்க, தாத்தா பாட்டி பேரு, பூர்வீக ஊரு, அப்பா பேரு, இப்ப இருக்கற அட்ரஸ் எல்லாம் அச்சடிச்சு ஐநூறு பேருக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பியாச்சு. அந்த கேள்விக்கு உண்மை பதில் சொல்லணும்னு சட்டம் இல்ல. சொந்த ஊர் தயிர்வடைன்னு போட்டு அத மேனேஜர்ல குறிச்சு வச்சுக்கோங்க.

அடுத்தது டூ ஸ்டெப். பாஸ்வேர்டு போட்டதுக்கு அப்புறம் இன்னொண்ணு கேக்கறது. எஸ்எம்எஸ் ஓடிபி இருக்கறது இல்லாததுக்கு ஆயிரம் மடங்கு மேல், ஆனா உங்க பேர்ல டூப்ளிகேட் சிம் எடுத்துட்டா ஓடிபி அந்தப் பக்கம் போயிடும். மெயிலுக்கு மட்டுமாவது ஆதென்டிகேட்டர் ஆப் போடுங்க, 30 செகண்டுக்கு ஒருக்கா 6 நம்பர் மாறிட்டே இருக்கும், சிக்னல் கூட வேணாம், சிம்முக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பவே பேக்கப் கோடு குடுப்பாங்க, பிரிண்ட் எடுத்து பீரோல வைங்க, இத பண்ணாம போன தொலைச்சுட்டு அலையறவங்க நிறைய. ஓடிபிய யார் கேட்டாலும் குடுக்காதீங்கங்கறத உங்களுக்கு தினம் பத்து பேர் சொல்றாங்க, நான் வேற எதுக்கு.

வீட்ல பெரியவங்களுக்கு இதெல்லாம் எப்படி சொல்றது? எங்க பெரியம்மா மேனேஜர் ஆப்ப பாத்துட்டு "இதுக்கு ஒரு பாஸ்வேர்டா, போடா கண்ணா, நான் நோட்லயே எழுதிக்கறேன்"னாங்க. "சரி பெரியம்மா, எழுதிக்கோங்க, ஆனா ஒவ்வொண்ணுக்கும் வேற வேற எழுதுங்க"ன்னேன். பாஸ்வேர்ட எழுதி வைக்கவே கூடாதுன்னு பயமுறுத்தறவங்க பேச்ச நான் ஒத்துக்கறதில்ல. உங்க பாஸ்வேர்ட தேடறவன் எங்கயோ வேற ஊர்ல உக்காந்திருக்கான், மயிலாப்பூர் வீட்டு பீரோக்குள்ள இருக்கற நோட்ட அவன் எப்படி திறப்பான்? வீட்டுக்குள்ளயே நம்ப முடியாத ஆள் இருந்தா அது வேற கதை. கைப்பைல வச்சு பஸ்ல கொண்டு போகாம, போன்ல போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போடாம இருந்தா நோட்டு தாராளமா ஓகே. ஏடிஎம், யூபிஐ பின் மட்டும் அதுல வேணாம்.

பாஸ்கீன்னு இப்ப நிறைய இடத்துல கேக்குது, 2022-ல ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூணு பேரும் சேர்ந்து இத கொண்டு வரோம்னு சொன்னாங்க. விரல் வச்சோ முகம் காட்டியோ உள்ள போறது, திருடறதுக்கு பாஸ்வேர்டுன்னு ஒண்ணே சைட் கிட்ட இருக்காது, போலி பேஜ்ல வேலையும் செய்யாது. உங்க கைரேகை சைட்டுக்குப் போகாது, போன்லயேதான் இருக்கும். கேட்டா சரின்னு சொல்லுங்க, பயப்பட ஒண்ணும் இல்ல.

உங்க மெயில் ஏற்கனவே எதுலயாவது லீக் ஆகியிருக்கான்னு பாக்க ஹேவ் ஐ பீன் போன்டுன்னு (Have I Been Pwned) ஒரு சைட் இருக்கு, ட்ராய் ஹன்ட்ங்கற ஆஸ்திரேலியாக்காரர் 2013-ல ஆரம்பிச்சது. மெயில் ஐடி போட்டா எந்தெந்த லீக்ல இருக்குன்னு சொல்லும். பாஸ்வேர்டையும் செக் பண்ணலாம், அத அப்படியே அனுப்பாது, ஹாஷ் பண்ணி அதுல முதல் 5 எழுத்த மட்டும் அனுப்பித்தான் கேக்கும். வந்த ரிசல்ட் பாத்து எல்லா அக்கவுன்ட்டையும் ஒரே ஞாயித்துக்கிழமைல மாத்த உக்காராதீங்க, பாதில அலுத்துப்போய் விட்டுடுவீங்க. மெயில இன்னிக்கு மாத்துங்க, பணம் சம்பந்தப்பட்டத இந்த வாரம், மத்ததெல்லாம் எப்பெப்ப லாகின் பண்றீங்களோ அப்பப்ப.

ஏற்கனவே ஒரு அக்கவுன்ட் போயிடுச்சுன்னா, சந்தேகப்படற அந்த போன விட்டுட்டு வேற டிவைஸ்ல இருந்து மெயில் பாஸ்வேர்ட முதல்ல மாத்துங்க, எல்லா டிவைஸையும் சைன் அவுட் பண்ணுங்க, மெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங்னு ஒண்ணு இருக்கும், அங்க தெரியாத அட்ரஸ் இருக்கான்னு கட்டாயம் பாருங்க, பாஸ்வேர்டு மாத்தினதுக்கு அப்புறமும் மெயில் அவனுக்கு போயிட்டே இருக்கறதுக்கு அந்த வழிதான். பணம் போயிருந்தா யோசிக்கவே வேணாம், பேங்க்குக்கும், சைபர் மோசடிக்கான அரசு ஹெல்ப்லைன் 1930-க்கும் உடனே போன், எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ சீக்கிரம் அந்தப் பக்கத்து அக்கவுன்ட்ட நிறுத்த பாப்பாங்க, அப்புறம் சைபர்க்ரைம் போர்ட்டல்ல எழுத்துல கம்ப்ளைன்ட் போடுங்க. கையோட சொந்தக்காரங்களுக்கும் ஒரு போன் போட்டு, என் பேர்ல அவசரமா பணம் வேணும்னு மெசேஜ் வந்தா அனுப்பாதீங்கன்னு சொல்லிடுங்க, ஏன்னா அவன் அடுத்து போறது உங்க கான்டாக்ட் லிஸ்ட்டுக்குத்தான்.